முப்பது மீட்டருக்குள் ஒரு மலை

கேள்வி: குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கப் போகிறார். கோவையில் கல்லூரிக் கடைசி ஆண்டு படிக்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு ஜாம்பி கேம் செய்கிறோம். களம் நீலகிரி. நாசாவின் உயரத் தரவை இறக்கி, அன்ரியல் இன்ஜினில் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை மலையை அப்படியே கொண்டுவந்துவிட்டோம். தேயிலை, பனிமூட்டம், ஏரி எல்லாம் வைத்தாயிற்று. ஸ்கிரீன்ஷாட் பார்த்தவர்கள் அசந்துபோகிறார்கள். ஆனால் உட்கார்ந்து ஆடியவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். "நல்லாத்தான் இருக்கு, என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்கிறார்கள். எங்கே தவறு? நல்ல ஜாம்பி மேப்புக்கு என்னதான் வேண்டும்? எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நிஜ இடங்களை வைக்கலாமா?

— வாசகர் ஒருவர், குன்னூர்

பதில்: தம்பி, தவறு உங்கள் கடிதத்திலேயே ஒரு சொல்லில் இருக்கிறது. "அப்படியே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே வரவில்லை.

நீங்கள் இறக்கிய தரவு எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் பூமியைச் சுற்றிச் சுற்றி, நிலத்தின் மேடுபள்ளத்தை ரேடாரால் அளந்தது. இலவசமாகக் கிடைக்கும் அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. தொட்டபெட்டா அதில் வந்துவிடும். கேத்திப் பள்ளத்தாக்கு வந்துவிடும். கொண்டை ஊசி வளைவின் கட்டுச்சுவர் வராது. மழைத்தண்ணீர் போகும் சிறுபாலம் வராது. லைன் வீட்டு வாசலிலிருந்து இலை நிறுக்கும் கொட்டகைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை வராது. எல்லாம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போயின.

ஜாம்பி ஆட்டம் நடப்பதோ அந்த 30 மீட்டருக்குள். கடிக்க வருவது அவ்வளவு பக்கத்தில் வந்த பிறகுதான் ஆட்டக்காரனுக்கு விழிப்பே வருகிறது. மலை அழகை அவன் அதற்கு முன்பே பார்த்து முடித்துவிட்டான். இப்போது அவன் மனதில் ஒரே கேள்விதான்: எந்தப் பக்கம் ஓடுவது? இதற்கு மேப் இரண்டு மூன்று பதில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் வைத்திருக்க வேண்டும். ஒரே பதில்தான் என்றால் அது குழாய். எந்தப் பக்கமும் ஓடலாம் என்றால் அது மைதானம். நீங்கள் செய்து வைத்திருப்பது மேடுபள்ளமான ஒரு மைதானம். எழுந்துபோனவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மலைக்கு எத்தனை வாசல்?

முதலில் பெரிய அளவில் பார்ப்போம். 2016-ல் வந்த 'மிருதன்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம். தமிழின் முதல் ஜாம்பி படம் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். ஜெயம் ரவிக்கு ஊட்டி டிராபிக் போலீஸ் வேடம். கதை ஊட்டியில் தொடங்கிக் கோவைக்கு இறங்குகிறது. அந்த இடத்தேர்வில் விஷயம் இருக்கிறது. சமவெளியில் ஓர் ஊரை அடைக்க எத்தனையோ சாலைகளை மறிக்க வேண்டும். ஊட்டிக்கு ஒரு கை விரல் போதும். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம், கல்லட்டி வழியாக மசினகுடி, பைக்காராவும் நடுவட்டமும் தாண்டிக் கூடலூர், மஞ்சூர் கெத்தை வழியாகக் காரமடை. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் முறையைக் கொண்டுவர முடிந்ததும் இந்த மலைக்கு வாசல்கள் எண்ணிக்கையில் அடங்குவதால்தான்.

இனி ஒவ்வொரு வாசலுக்கும் விலை வையுங்கள். குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அகலமான சாலை, அதனால் எல்லாரும் அதில்தான் தப்பிக்கப் பார்த்திருப்பார்கள், அதனால் நின்றுபோன வண்டிகள் வரிசைகட்டிக் கிடக்கும். கல்லட்டியில் 36 வளைவுகள். செங்குத்தான இறக்கம். இரண்டாம் கியரில் இறங்காதவனுக்குப் பிரேக் காய்ந்துவிடும். மஞ்சூர் கெத்தை வழியில் 43 வளைவுகள். ஆள் அரவம் குறைவு, ஆனால் பெட்ரோல் தீர்ந்தால் கேட்க நாதியில்லை. கூடலூர் வழியில் போனால் மைசூர்ச் சாலை. அங்கே பந்திப்பூர் வனப்பகுதியைச் சில விதிவிலக்குகள் தவிர இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். 2009-லிருந்து இருக்கும் கட்டுப்பாடு இது. காலை ஆறு மணிக்குத் திறக்கும் செக்போஸ்ட் முன்னால் ராத்திரி ஒன்பதரைக்கு நாலு பேர் வந்து நிற்கிறார்கள் என்று வையுங்கள். தனியாகக் கதை எழுத வேண்டியதில்லை.

வளைவைச் சுற்றுவது வண்டி மட்டும்

இப்போது உள்ளே இறங்குவோம். ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு. மேல் சாலை, கீழ்ச் சாலை, இடையில் சரிவு. மேல் சாலை ஓரத்தில் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். கீழ்ச் சாலையின் உள்பக்கம் ஆளுயரத்துக்குக் கருங்கல் கட்டுச்சுவர். வளைவின் முனையில் ஓர் ஓடை, சாலைக்கு அடியில் குனிந்து போகிற அளவுக்குச் சிறுபாலம். சரிவின் நடுவே ஆட்கள் நடந்து நடந்தே விழுந்த குறுக்குப் பாதை.

வண்டியில் வருபவன் வளைவைச் சுற்றிக்கொண்டு போவான். ஊர்க்காரன் குறுக்கே இறங்கிவிடுவான். ஜாம்பி இரண்டையும் பார்க்காது. சத்தம் வந்த திசைக்கு நேராக வரும், கைப்பிடிச் சுவரில் இடறும், கட்டுச்சுவரிலிருந்து கீழே சாலையில் விழும், எழும். ஆக, ஒரே வளைவில் மூன்று வேகம், மூன்று வழி. காரை விட்டு இறங்கலாமா, ஹாரன் அடிக்கலாமா, சிறுபாலத்துக்குள் ஒளியலாமா என்று ஆட்டக்காரன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டானா? மேப் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதைச் செய்வது எளிது. அன்ரியலில் ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் சாய்ந்த தரையில் பாத்திரங்கள் ஏற முடியாது என்பது இயல்பாகவே இருக்கும் அமைப்பு. ஜாம்பிகள் நடக்கும் வழியைத் தீர்மானிக்கும் நேவ்மெஷ்ஷில் இந்தச் சுவர்களிலிருந்து கீழ்நோக்கி மட்டும் ஒருவழி இணைப்புக் கொடுங்கள். விழலாம், ஏற முடியாது. இந்த ஒரு விதியால் மலைக்கு மலைக்குணம் வந்துவிடும். மேலே நிற்பவனுக்குப் பாதுகாப்பு. ஆனால் மலையை விட்டுத் தப்பிக்கும் வழியோ கீழே. ஒவ்வொரு முறை உயிருக்குப் பயந்து மேலே ஏறும்போதும் மேட்டுப்பாளையம் இன்னும் தூரமாகிறது.

குறுக்குப் பாதையில் இறங்கி, சாலை வழியாகச் சுற்றி ஏறி, மறுபடி அதே இடத்துக்கு வர முடிகிறதல்லவா? அந்த வட்டம் முக்கியம். 2008-ல் 'கால் ஆஃப் டியூட்டி: வேர்ல்ட் அட் வார்' ஆட்டத்தோடு 'நாக்ட் டெர் உன்டோட்டன்' என்று ஒரு ஜாம்பி மேப் வந்தது. இடிந்த கட்டடம் ஒன்று, சில அறைகள், பலகை அடித்த ஜன்னல்கள், அவ்வளவுதான். அந்த வகை மேப்புகளில் தேர்ந்தவர்கள் நின்று சுடுவதில்லை. வட்டமாக ஓடி, துரத்துகிற கூட்டத்தை ரயில்பெட்டி மாதிரி பின்னால் கோத்துக்கொண்டு, பிறகு திரும்பிச் சுடுவார்கள். முட்டுச்சந்தில் சாகிறவன் மேப்பைத் திட்டுவான். வட்டத்தில் ஓடிக் களைத்துச் சாகிறவன் தன்னைத் திட்டிக்கொண்டு மறுபடி ஆட வருவான்.

தேயிலை வெறும் பச்சை இல்லை

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் தேயிலை ஒரு கம்பளம் மாதிரி விரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது சுற்றுலாப் பயணியின் கண். பறிக்கிற செடி இடுப்புயரம். மேலே மேஜை போட்டது மாதிரி சமமாக இருக்கும். அதன் மேலாகப் பார்வை வெகுதூரம் போகும், உடம்பு போகாது. செடிகள் ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடக்கும், பெண்கள் நடக்கிற இடுக்கில்தான் நடக்க முடியும். துப்பாக்கி ஆட்டத்துக்கு இதைவிடக் கொடுமையான நிலம் கிடைக்காது. நிமிர்ந்து நடந்து வரும் ஜாம்பி அரை கிலோமீட்டரிலேயே தெரியும். தவழ்ந்து வருவது காலைப் பிடிக்கும்வரை தெரியாது. இலை சலசலப்பு ஒன்றுதான் துப்பு.

அதே தோட்டத்தில் கவாத்து வெட்டிய பகுதியை நினைத்துப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சிகள். ஒளிய இடமில்லை, காலடியில் காய்ந்த மிளார் முறிகிற சத்தம். பக்கத்தில் சில்வர் ஓக் வரிசை. மரங்களுக்கு இடையே பார்வை துண்டுதுண்டாக வெட்டுப்படும். ஒரே எஸ்டேட்டில் மூன்று விதமான பயம், ஒரு மாடலும் புதிதாகச் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும், உங்கள் போட்டியாளர்களுக்குத் தெரியாது. தேயிலை பிறவியில் புதர் இல்லை. வெட்டி வெட்டித்தான் அதைப் புதராக வைத்திருக்கிறோம். கைவிட்டால் மரமாகிவிடும். ஊரில் ஆளில்லாத கதையில் கொழுந்து யார் பறிப்பார்கள்? ஆட்டத்தின் முதல் வாரத்தில் இடுப்புயரம், மாதங்கள் போனால் தோளுயரம், வருடங்கள் ஓடினால் தலைக்கு மேல். முதல் நாள் அரை கிலோமீட்டர் தெரிந்த அதே இடத்தில் பின்னால் வந்தால் கைநீட்டும் தூரம்கூடத் தெரியக் கூடாது. மேப்பை மாற்றாமலே மேப் மாறிவிடுகிறது. மலைத்தோட்டத்தில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றாது.

எதற்காக உள்ளே போக வேண்டும்?

வழிகள் வந்துவிட்டன. போவதற்குக் காரணம் வேண்டும். இதில் குன்னூர்க்காரரான உங்களுக்குக் கிடைத்திருப்பது மாதிரி உலகத்தில் எந்த ஜாம்பி மேப்புக்கும் கிடைக்காது. கடியால் பரவி, மூளையைத் தாக்கி, தண்ணீரைக் கண்டால் மிரளவைக்கும் நோய் நிஜத்திலேயே இருக்கிறது: வெறிநாய்க்கடி நோய். 'மிருதன்' படத்து ஜாம்பிகள் தண்ணீருக்குப் பயந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நோய்க்குத் தடுப்பூசி செய்வதற்காகவே 1907-ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் உங்கள் குன்னூரில்தான், சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1900-ல் இமயமலைப் பக்கம் கசௌலியில் அப்படி ஒன்று வந்திருந்தது. தெற்கே நாய் கடித்தவர்கள் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போக வேண்டியிருந்த காலம் குன்னூரால் முடிந்தது.

ஆகவே உங்கள் ஆட்டத்தின் மருந்து மலைமேல் இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவதுதான் ஆட்டம். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியைத் தூக்குபவன் இரண்டு கையாலும் தூக்குகிறான், அவனால் சுட முடியாது. மலைமேல் குளிரில் ஐஸ் நிற்கும், இறங்க இறங்க வெக்கையில் உருகும். நேரத்தைக் காட்ட மூலையில் கடிகாரம் வைக்காதீர்கள். வெப்பநிலைமானி வையுங்கள். கடிபட்டவனுக்கு ஒரு விதி: நிஜத்தில் நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓட வேண்டும். ஆட்டத்திலும் கடிபட்டவன் ஓடையைத் தேடட்டும். மேப்பில் இருக்கிற ஒவ்வொரு ஓடைக்கும் அப்போது மதிப்பு வந்துவிடும். ஆடுகிறவர்கள் நிஜ வாழ்க்கைக்கும் ஒன்றைக் கற்றுக்கொண்டு போவார்கள்.

போன வழியே திரும்பி வரவையுங்கள். 2009-ல் வந்த 'லெஃப்ட் 4 டெட் 2' ஆட்டத்தில் 'ஹார்ட் ரெயின்' என்று ஒரு பகுதி. கைவிடப்பட்ட சர்க்கரை ஆலை வழியாகப் போய் எரிபொருள் எடுத்துக்கொண்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். திரும்பும்போது புயல்மழை. போகும்போது பழகிய பாதையில் வரும்போது வெள்ளம். புதிய இடம் தரும் பயத்தைவிட, தெரிந்த இடம் மாறிக்கிடப்பது அதிகம் உறுத்தும். நீலகிரியில் இதற்கு மெனக்கெட வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கத்தைப் புரட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண்ணை இறக்கும். போகும்போது இருந்த 9-வது வளைவு வரும்போது இல்லை. குறுக்குப் பாதையை நினைவில் வைத்தவன் பிழைப்பான்.

மஞ்சும் அடையாளமும்

பனிமூட்டத்தை எப்போதும் போட்டுவைத்திருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். 1999-ல் வந்த 'சைலன்ட் ஹில்' மூடுபனிக்குப் பேர்போனது. பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை வரைய முடியாத குறையை மறைக்கவும் அது உதவியது. உங்கள் கணினிக்கு அந்தக் குறை இல்லை. மஞ்சு நம் ஊரில் வருவது மாதிரி வரட்டும்: காலையில் வெயில், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து சாலையை மூடி, கால்மணி நேரத்தில் விலகி. எப்போது வரும் என்று தெரியாததால் வானத்தையும் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். 2008-ல் வந்த முதல் 'லெஃப்ட் 4 டெட்' ஆட்டத்தில் 'டைரக்டர்' என்றொரு நிரல் உண்டு. ஆட்டக்காரர்கள் எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டு, ஜாம்பிக் கூட்டத்தை எப்போது விடுவது, எப்போது மூச்சுவிட விடுவது என்று அது தீர்மானிக்கும். உங்கள் டைரக்டரின் கையில் ஜாம்பியோடு மஞ்சையும் கொடுங்கள்.

மஞ்சு விலகும் அந்தச் சில நிமிடங்களில் கண்ணுக்கு ஓர் அடையாளம் கிடைக்க வேண்டும். ஊட்டி அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தெற்கு வடக்காக, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து நிறுவியிருக்கிறார்கள். அதைத் தூரத்தில் பார்த்தவனுக்குத் திசைகாட்டி தேவையில்லை. இப்படி ஒன்று இருந்தால் திரையோரத்து அம்புக்குறியை நீக்கிவிடலாம். மஞ்சு மூடியபின் காதுக்கு அடையாளம் வேண்டும்: பேக்டரிச் சங்கு, ஓடைச் சத்தம், தகரக் கூரையில் மழை. லைன் வீடா, பங்களாவா, பேக்டரியா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிய வேண்டும்.

எவ்வளவு பெரிது?

'டேஇசட்' ஆட்டத்தின் செர்னாரஸ் 225 சதுர கிலோமீட்டர். செக் நாட்டின் நிஜ நிலப்பரப்பிலிருந்து எடுத்தது. 'புராஜெக்ட் ஸாம்பாய்ட்' அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நிஜமாகவே இருக்கும் மல்ட்ரா, வெஸ்ட் பாயின்ட் போன்ற ஊர்களைச் சுற்றி எழுந்தது. நிஜ ஊரை மூலமாக எடுப்பது பழைய வழக்கம், ஆகவே கூச்சப்பட வேண்டாம். ஆனால் செர்னாரஸின் காலி வயல் பயமுறுத்துவதற்குக் காரணம், எங்கோ ஒரு புதரில் இன்னொரு மனிதன் துப்பாக்கியோடு படுத்திருக்கலாம் என்பது. உங்கள் ஆட்டத்தில் அவன் இல்லை. மூன்று பேர் சேர்ந்து செய்கிறீர்கள். நீலகிரி மாவட்டமோ 2,500 சதுர கிலோமீட்டருக்கு மேல். விட்டுவிடுங்கள். ஓர் எஸ்டேட், ஒரு பேக்டரி, மூன்று கொண்டை ஊசி, ஒரு ரயில் நிலையம், ஒரு கடைவீதி போதும். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கும் ஐந்து நிமிட ஓட்டம். அதற்குள் ஒவ்வொரு 30 மீட்டரையும் கையால் செய்யுங்கள்.

பொருள்களை வைக்கும்போதும் ஊர் நியாயம் பாருங்கள். ஓவர்சியர் மேஜையில் இயந்திரத் துப்பாக்கி இருக்காது, டார்ச் இருக்கும். லைன் வீட்டில் கவாத்துக் கத்தி இருக்கும். பேக்டரியில் விறகு இருக்கும். பேக்கரியில் ஊட்டி வர்க்கி இருக்கும், ஈரம் படாவிட்டால் நாள்கணக்கில் கெடாது. ஜனவரி உறைபனியில் குளிர் காயத் தீ மூட்டினால் புகை எதிர்மலைவரை தெரியும். பொருள் எங்கே இருக்கும் என்று ஊகித்துப் போய், அது அங்கேயே இருந்தால் ஆட்டக்காரன் மேப்பை நம்புவான். நம்பியவனைத்தான் பயமுறுத்த முடியும்.

கடைசிக் கட்டம்

ஜாம்பி ஆட்டங்களில் கடைசியில் ஒரு ஹெலிகாப்டரோ படகோ வரும், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். உங்களுக்கு ஹெலிகாப்டர் எதற்கு? மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899-லும், ஊட்டிவரை 1908-லும் ஓட ஆரம்பித்தது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். அங்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம். இன்ஜின் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் நின்று, ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நின்று, டிரைவரின் விசிலைக் கேட்டுக் கைப்பிரேக்கைப் போடுவார், எடுப்பார்.

இதைவிட நல்ல கூட்டு விளையாட்டை யாராலாவது யோசிக்க முடியுமா? நாலு பேர், நாலு பெட்டி. பிரேக் பிடித்தால் சுட முடியாது, சுட்டால் பிரேக் விடும். ரயிலோ ஓடுகிற ஆளுக்கு ஈடுகொடுக்கிற வேகம்தான். மேல் சரிவிலிருந்து விழுந்து விழுந்து வருவது கூரைமேல் விழும். குகைக்குள் நுழைந்தால் பக்கவாட்டில் ஒன்றும் வராது, ஆனால் இருட்டு. பாலத்தில் ஏறினால் ஒன்றும் வராது, ஆனால் மறுமுனையில் என்ன என்று தெரியாது. மூச்சுவிட வேண்டிய இடங்களை இந்தப் பாதையைப் போட்ட இன்ஜினீயர்கள் உங்களுக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நிஜ இடங்களை வைக்கலாமா?

சாலை, மலை, ரயில், காலநிலை எல்லாம் பொதுச் சொத்து, தாராளமாக வையுங்கள். மருந்து செய்யும் நிறுவனத்துக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். நோய் அங்கிருந்துதான் பரவியது என்று மட்டும் எழுதாதீர்கள். நூறாண்டுக்கு மேல் உயிர் காத்த இடத்துக்கு அது நன்றியாகாது. தோடர்களின் குடியிருப்பான மந்தும் படகர்களின் ஊரான ஹட்டியும் கொள்ளையடிக்கிற கட்டடங்கள் இல்லை. அவர்களின் கோயில்களை மேப்பில் வைக்காமல் இருப்பதே மரியாதை. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்சரிவை விதியாக வையுங்கள், அந்த ஊர்களின் பெயரை வைக்காதீர்கள். லைன் வீட்டைப் பேய்வீடு மாதிரி இருட்டடிக்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் காலண்டர், கொடியில் துண்டு, அடுப்புமேட்டில் கவிழ்த்த டம்ளர். அதுதான் நெஞ்சைப் பிசையும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

மரம், செடி, மஞ்சு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சாம்பல் நிறப் பெட்டிகளால் மட்டும் ஒரு வளைவு, ஒரு தோட்டம், ஒரு பேக்டரி. ஐந்து பேரை உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையும் விளக்காதீர்கள். அரைமணி கழித்துக் கணினியை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, ஆடிய இடத்தை வரையச் சொல்லுங்கள்.

நான் முதன்முதலில் செய்த மேப்பில் மாதக்கணக்கில் உழைத்து ஒரு மாளிகை கட்டினேன். தாளில் ஒருவர்கூட அதை வரையவில்லை. மூன்று பேர் ஒரே மாதிரி ஒரு பால் பூத்தை வரைந்திருந்தார்கள். அதன் பின்பக்கக் கதவு வழியாகத்தான் அவர்கள் உயிர்தப்பியிருந்தார்கள். மாளிகையை அழித்துவிட்டு, அந்தப் பூத்தைச் சுற்றி மேப்பைத் திரும்பக் கட்டினேன்.

நீங்கள் இந்தச் சோதனையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் தாளும் பென்சிலும் கொடுங்கள். வாசலிலிருந்து இலை நிறுக்கும் இடம்வரை வரைந்து காட்டச் சொல்லுங்கள். எங்கே வழுக்கும், எங்கே காட்டெருமை நிற்கும், முதுகில் கூடை நிறைந்தால் எந்தப் பாதை, மழை வந்தால் எந்தப் பாதை, கரடி நடமாட்டம் என்று சேதி வந்த நாளில் எந்தப் பாதை என்று கேளுங்கள். தாளில் அளவு தப்பும், திசை கோணும். பரவாயில்லை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு விலை எழுதியிருக்கும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து தரைக்கு அடியில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். விண்கலம் விட்டுப்போன 30 மீட்டர் அதில் இருக்கும்.